அம்மாவின் நூல் சேலையும் உன் கல்யாண வீடியோவும்

பாப்பா,

நேற்று நீ போனில் இரண்டு விஷயம் கேட்டாய். மன்னார் வெயிலுக்கு உன்னிடம் இருக்கிற வழுவழுப்புச் சேலையெல்லாம் உடம்போடு ஒட்டிக்கொண்டு வதைக்கிறது, பள்ளிக்கூடத்துக்குக் கட்ட நல்ல நூல் சேலைகளாக எடுக்க வேண்டும், எதைப் பார்த்து எடுப்பது என்று அம்மாவிடம் கேட்டாய். அம்மா, "எனக்கென்னடி தெரியும், ஒங்கப்பாகிட்ட கேளு" என்று போனை என் கையில் திணித்துவிட்டாள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிறவனுக்கும் சேலைக்கும் என்ன சம்பந்தம் என்று நீ நினைத்திருப்பாய். சிரித்து முடித்த பிறகு குரலைத் தாழ்த்தி இரண்டாவதைக் கேட்டாய். கல்யாண வீடியோவை இப்போதுதான் ஆற அமரப் பார்த்தாயாம். தாரை வார்க்கிற நேரம் முழுவதும் உன் கை என் கையில் இருக்கிறது, நீ அழுதுகொண்டே என் முகத்தைப் பார்க்கிறாய், நான் ஒரு தடவைகூட உன் பக்கம் திரும்பவில்லை, பக்கத்தில் நிற்கிற அம்மாவின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். "ஏம்ப்பா, என்னைப் பார்க்கவே தோணலையா?" என்றாய். 

உன் இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான் இருக்கிறது, பாப்பா. ஆனால் அதைப் போனில் சொல்ல முடியாது. நம் லயத்து வீட்டு வரிசையில் சிக்னல் எடுப்பது தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் மட்டும்தான் என்று உனக்குத் தெரியும். அங்கே நின்று நான் இதைச் சொன்னால், குடம் நிரப்ப வந்தவர்கள் அத்தனை பேரும் குடத்தை மறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன். எழுதுவதற்கு முன்னால் அம்மாவிடம் அனுமதியும் வாங்கிவிட்டேன். "சொல்லுங்க, இனிமே என்ன" என்றாள். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். நான் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்பது உனக்குப் புதிய செய்தி இல்லையே.

உன் கல்யாணத்தன்று அம்மாவுக்குச் சேலை கட்டிவிட்டது நான்தான். பக்கத்துக் காம்பரா வீட்டு ராணி அக்கா கட்டிவிட்டதாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய், நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம். நீ இருட்டோடு அலங்காரத்துக்கு ஹட்டனுக்குப் போய்விட்டாய். மண்டபத்தில் அம்மாவைப் பார்த்ததும், யார் இவ்வளவு அழகாகக் கட்டிவிட்டது என்று கேட்டாய். அம்மா வாயைத் திறப்பதற்குள் போட்டோக்காரர் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு நான் தப்பித்தேன். தப்பித்தது தப்பாகப் போய்விட்டது என்று நேற்று உன் குரலைக் கேட்டபோது தெரிந்தது.

அம்மா கொழுந்து எடுக்கிற மலையில் விழுந்து வலது தோள் போனதை நீ அறிவாய். நீ அப்போது கினிகத்தேனையில் படிப்பித்துக்கொண்டு அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தாய். செங்குத்தான மலை, விடாத மழை, கூடையில் பாதிக்கு மேல் கொழுந்து. கால் சறுக்கி, கீழே இருந்த கல்லில் தோள் மோதிவிட்டது. உடன் வேலை செய்த பெண்கள் சாக்கில் படுக்கவைத்து ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் ஃபெக்டரியிலிருந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். முகத்தில் இரத்தமே இல்லை. வலது கை யாருடைய கையோ போலக் கிடந்தது. மழைக்கும் தேயிலைக் கிளைக்கும் தடுப்பாகச் சேலைக்கு மேல் சுற்றியிருந்த படங்கு கிழிந்து தொங்கியது. ஆனால் அதற்குள்ளே சேலை, காலையில் கட்டியது கட்டியபடி இருந்தது. கொசுவத்தில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை. அந்தப் பயத்திலும் பதற்றத்திலும் இதைக் கவனிக்க எனக்கு எப்படித் தோன்றியது என்று இன்றுவரை புரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு அந்தக் கொசுவத்தையே பார்த்துக்கொண்டு போனேன்.

அன்றைக்குத் தொடங்கியதுதான் என் பிரமிப்பு. இத்தனை வருடமாக என் கண் முன்னால் நடந்த ஒரு காரியத்தை நான் பார்த்ததே இல்லை என்று அன்றுதான் உறைத்தது. விடிவதற்கு முன்னால், ஒற்றை அறையான நம் காம்பராவில், நீ காலடியில் தூங்கிக்கொண்டிருப்பாய். உன்னை மிதிக்காமல், விளக்கைப் போட்டு எழுப்பாமல், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கட்டுவாள். கேத்தலில் தண்ணீர் கொதிக்கும் முன்னால் கட்டி முடித்திருப்பாள். கண்ணாடி பார்க்கமாட்டாள். ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, மலை ஏறி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து, சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடிகிற வரைக்கும் அது அவிழாது. மற்றப் பெண்கள் பாவாடை சட்டைக்கு மாறிய பிறகும் அவள் சேலையில்தான் போனாள். அதில் ஒரு தையல் இல்லை, ஒரு பொத்தான் இல்லை, ஒரு நாடா இல்லை. நீளமான ஒரு துணி, அவ்வளவுதான். அதையே ஒல்லிப் பெண்ணும் கட்டலாம், பருத்த பெண்ணும் கட்டலாம், வெட்டாமல் தைக்காமல் ஆளுக்கு ஆள் பொருந்துகிறது. எனக்குச் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துவிட்டால் அன்றைக்கு முழுக்க எரிச்சலில் இருப்பேன். இதை யார் கண்டுபிடித்தார்கள், எந்தத் தைரியத்தில் அதைக் கட்டிக்கொண்டு மலை ஏறினார்கள் என்று நினைக்க நினைக்க எனக்கு மலைப்பாக இருக்கிறது.

எலும்பு கூடிவிட்டது, கை நெஞ்சு உயரத்துக்கு மேல் எழும்பாது, விரலிலும் பழைய பிடி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா நைட்டிக்கு மாறினாள். நீ சனி ஞாயிறு வரும்போது, வீட்டில் இருக்க அதுதான் வசதி என்று உன்னிடம் சொன்னாள். உண்மை என்னவென்றால், ஒரு கையால் கொசுவம் பிடிக்க முடியாது. ராணி அக்கா வீட்டு விசேஷத்துக்கு ராணி அக்காவே வந்து சேலை கட்டிவிட்டாள். பளபளவென்று இருந்த, தண்ணீர் போல வழுக்குகிற சேலை. பந்தியில் உட்கார்ந்து எழுந்தபோது கொசுவம் மொத்தமாக உருவிக்கொண்டு வந்துவிட்டது. அத்தனை சனத்துக்கு நடுவில், இடது கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, யாரையும் கூப்பிட வாய் வராமல் உன் அம்மா நின்றாள். நான் ஆண்கள் பந்தியில் இருந்தேன். பார்த்தேன், ஆனால் போய் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பெண்கள் சூழ்ந்துகொண்டு அவளை உள்ளே கூட்டிப்போனார்கள். அதற்குப் பிறகு அவள் திருவிழாவுக்குக்கூட வெளியே வரவில்லை.

உன் கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு ஒரு நாள் சாவகாசமாகச் சொன்னாள். "நான் மண்டபத்துக்கு வரலைங்க. நீங்க பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போங்க. தாரைக்கு ஒங்க தங்கச்சிய நிக்கச் சொல்லுங்க." எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெற்றவள் இருக்க, தாரை வார்க்க அத்தை நிற்பதா என்று சத்தம் போட்டேன். அவள் சத்தம் போடவில்லை. "அன்னைக்கு ராணி வீட்டுல நின்னேனே, அதே மாதிரி எம்பிள்ள கல்யாணத்துலயும் நிக்கச் சொல்றீங்களா?" என்று மட்டும் கேட்டாள். பாவாடை போல மாட்டிக்கொள்ளுகிற தைத்த சேலை வந்திருக்கிறது என்று ராணி அக்கா யோசனை சொல்லியிருக்கிறாள். அதைத் தனக்கு வாங்கித் தர வேண்டாம் என்றாள் அம்மா. மற்றவர்கள் கையிலும் இனிமேல் நம்பிக்கை இல்லை என்றாள். நான் வேறு வழி தெரியாமல், கோபம் இறங்காமலே, "அப்ப நான் கட்டிவிடுறேன்" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒங்களுக்கு வேட்டியே நிக்காது" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பமானது. வேலை முடிந்து வந்ததும் கதவைத் தாழ்போட்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுப் பழகுவோம். அவள் வாயால் சொல்லுவாள், நான் கையால் செய்வேன். வலப்பக்கம் செருகித் தொடங்கு, சுற்றிக் கொண்டு வா, முந்தானைக்கு விடு, மிச்சத்தில் கொசுவம் மடி. கேட்க எவ்வளவு லேசாக இருக்கிறது. கொசுவத்தை மடித்து முடிப்பதற்குள் முந்தானை குட்டையாகிவிடும். முந்தானையைச் சரிசெய்தால் கொசுவம் இரண்டு மடிப்போடு நின்றுவிடும். எல்லாம் சரியாக வந்தால் முன்பக்கம் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். "இழுங்க, இழுக்காதீங்க, விடுங்க, ஐயோ விட்டுட்டீங்களே, மறுபடி மொதல்ல இருந்து" என்று அவள் சொல்வது ரேடியோவையும் தாண்டிப் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்டிருக்கிறது. ராணி அக்கா மறுநாள், "என்னண்ணே, வீட்டுக்குள்ள மாடு கட்டிப் பழகுறீங்களா?" என்று கேட்டாள். கட்டிலைத் திருத்துகிறேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

எந்த மடிப்பு எதைத் தாங்குகிறது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. அதனால் ஒரு நாள் அவள் சேலையை என் மேலேயே சுற்றிப் பார்த்தேன். கொசுவம் செருகி, முந்தானையைத் தோளில் போட்டு, நடந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ஏதோ கேட்க வந்தவர் ஜன்னலைத் தள்ளித் தலையை நீட்டிவிட்டார். மீசையும் முந்தானையுமாக நான் நிற்கிறேன். அந்த மனுஷன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "காமன் கூத்துக்கு இன்னும் நாளு கெடக்கே, இந்த வருஷம் ரதி வேஷம் நீங்கதானாண்ணே?" என்றார். அம்மா சிரித்தாள் பார், அப்படிச் சிரித்தாள். தோள் வலிக்கிறது, தோள் வலிக்கிறது என்று பிடித்துக்கொண்டே சிரித்தாள். விழுந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அதற்காக இன்னும் எத்தனை பேர் ஜன்னலைத் திறந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது எனக்கு. ஒன்றும் புரிந்தது. சேலையைத் தாங்குவது ஊக்கும் இல்லை, செருகுவதும் இல்லை. துணி துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பிடித்துக்கொள்ளாத துணியை எவ்வளவு திறமையாகக் கட்டினாலும் அது சமயம் பார்த்துக் கைவிட்டுவிடும்.

இந்த ஞானத்தோடுதான் ஹட்டனுக்குச் சேலை எடுக்கப் போனோம். உன் அத்தையும் வந்தாள். பொண்ணைப் பெற்றவள் பட்டுத்தான் கட்ட வேண்டும் என்று கடைக்குள் நுழையும்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். கடைக்காரத் தம்பி பட்டாக எடுத்துத் தன் தோளில் போட்டுக் காட்டினார். சரிகை முந்தானையின் பாரத்தில் அம்மாவின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். நூல் சேலையாகக் காட்டுங்கள் என்றேன். இப்போது உனக்கான பதில் வருகிறது, கவனமாகக் கேள். முதலில் ஒரு கைப்பிடி துணியைக் கொசுவம் போல மடித்துப் பிடித்துக்கொண்டு, பிடியைக் கொஞ்சம் தளர்த்திப் பார். வழுக்குகிற துணி அந்த நிமிஷமே கலைந்து சரிந்துவிடும். நல்ல நூல் சற்று யோசிக்கும், மடிப்பு மடிப்பாகவே நிற்கும். பிறகு ஒரு மூலையைக் கைக்குள் கசக்கித் திறந்து பார். சுருக்கம் மெல்ல இளகினால் நல்லது. வெள்ளைக் கோடாக உடைந்து நின்றால் அது கஞ்சியின் மிடுக்கு, முதல் துவையலில் கரைந்து போய் உன்னிடம் கந்தலைக் கொடுத்துவிடும். கடையில் விறைப்பாக நிற்கிற சேலையைப் பார்த்து மயங்காதே.

கரையையும் உடலையும் சேர்த்துத் தடவிப் பார். இரண்டும் இரண்டு விதமான நூலாக இருந்தால் துவைத்த பிறகு கரை மட்டும் சுருங்கி இழுத்துக்கொள்ளும். அப்புறம் அதை எந்த இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தும் நிமிர்த்த முடியாது. உன் கைக்குட்டையை நனைத்து ஓரத்தில் அழுத்தித் தேய், சாயம் ஒட்டினால் திருப்பிக் கொடுத்துவிடு. நீ அம்மாவின் உயரம், அதனால் ஒரு ஓரத்தை இடுப்பில் வைத்து மற்ற ஓரம் தரையைத் தொடுகிறதா என்று பார்க்காமல் எடுக்காதே, சில சேலைகளை அகலத்தில் ஏமாற்றியிருப்பார்கள். நீ நாள் முழுக்கக் கரும்பலகைக்குக் கையைத் தூக்குகிறவள், முந்தானையில் பாரமான வேலைப்பாடு வேண்டாம். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தால் இழை ஒரே சீராகத் தெரிய வேண்டும். ரொம்பத் தடித்தது எடுத்தால் கொசுவம் வயிற்றில் மூட்டை மாதிரி நிற்கும், மன்னாரில் வியர்த்தும் போவாய். இதையெல்லாம் நான் கடையில் செய்துகொண்டிருந்தபோது சுற்றி நின்ற பெண்கள் தங்கள் சேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். கடைக்காரத் தம்பி, அண்ணன் எந்தக் கடையில் வேலை என்று கேட்டார். அரக்கு நிறத்தில் கடுகு மஞ்சள் கரை போட்ட ஒன்றை அம்மா கையில் எடுத்தாள். மடித்துப் பிடித்தேன், நின்றது. உன் அத்தை, "நூல் சேலையா? எழவு வீட்டுக்கா போறோம்?" என்றாள். அம்மா சொன்னாள், "மின்னுற சேலை எனக்கு வேணாம் மதினி. நிக்கிற சேலை வேணும்."

சேலையை ஒரு முறை துவைத்தால்தான் இளகும், அதுவரை மடிப்பு படியாது. துவைத்த அன்றைக்குத்தான் வானம் கிழிந்தது. நம் ஊர் மழைக்காலத்தில் நூல் சேலையைத் துவைப்பதைப் போன்ற மடத்தனம் வேறு இல்லை. நைலான் என்றால் உதறிப் போட்டால் காய்ந்துவிடும். நூல் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கொடுக்கமாட்டேன் என்கிறது. அடுப்புக்கு மேலே போட்டால் புகை நாற்றம் ஏறும். கல்யாணம் நெருங்கிவிட்டது, சேலை இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு ஒரு யோசனை வந்தது. நாள் முழுக்கச் சூடான காற்று வீசுகிற இடத்தில் வேலை செய்துகொண்டு நான் ஏன் கவலைப்பட வேண்டும்? சேலையைப் பையில் சுருட்டிக்கொண்டு போய், கொழுந்து வாட்டுகிற மாடியில், பரப்பிய கொழுந்துக்கு மேலே கயிறு கட்டி விரித்துவிட்டேன். கீழே பச்சைக் கொழுந்து, மேலே அரக்குச் சேலை, காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவு அழகாக இருந்தது.

ஃபெக்டரிப் பொறுப்பில் இருக்கிற டீமேக்கர் ஐயா படியேறி வரும்போதே மூக்கைச் சுளித்தார். தேயிலைக்குப் பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தைத் தேயிலை இழுத்துக்கொள்ளும் என்பது நேற்று வேலைக்கு வந்தவனுக்கும் தெரியும். வெற்றிலை போட்டுக்கொண்டு உள்ளே வந்தவர்களை நானே விரட்டியிருக்கிறேன். இத்தனை வருடம் வேலை செய்துவிட்டு, சவர்க்கார வாசம் போகாத சேலையைக் கொழுந்துக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறேன். ஐயா ஒரு பிடி கொழுந்தை அள்ளி முகர்ந்தார், சிங்களத்தில் என்னைக் கிழித்துக் காயப்போட்டார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். யாருடைய சேலை என்று கேட்டார், சொன்னேன். தோள் விஷயமும், நான் கட்டிவிடப் போகிற விஷயமும் வாயில் வந்துவிட்டது. அவர் அந்தக் கொழுந்தைத் தனியாக ஒதுக்கச் சொன்னார். பிறகு சேலையின் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டு, என்னை மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி, பக்கத்தில் தூள் எதுவும் இல்லாத, தேயிலை காய வைக்கும் மெஷினுக்குப் பின்னால் இருக்கிற சூடான நடைக்குக் கொண்டுபோய்க் கட்டினார். சாயங்காலம் எடுத்தபோது சேலை காய்ந்து, சவர்க்கார வாசம் போய், தேயிலை வாசம் ஏறியிருந்தது. மண்டபத்தில் அம்மாவைக் கட்டிப்பிடித்தபோது உன் மூக்குக்கு அது பட்டிருக்கும்.

கல்யாணத்தன்று காலையில் கொசுவம் மடிக்கிறேன், சரிகிறது, மறுபடியும் மடிக்கிறேன். வேன் கீழே ரோட்டில் வந்து ஹோர்ன் அடிக்கிறது. உன் அம்மா அவசரப்படுத்தவில்லை. "மெதுவா செய்யுங்க. நான் எங்க போயிடப் போறேன்" என்றாள். முட்டி போட்டு உட்கார்ந்து கொசுவத்தின் அடியை ஒவ்வொரு மடிப்பாக நீவிவிட்டேன். அவளுடைய பாதத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை, பாப்பா. விரல் இடுக்கெல்லாம் பழைய வெடிப்பு, கணுக்காலில் அட்டை கடித்த தழும்பு தழும்பாக. அந்தப் பாதத்துக்கு மேல் அரக்குச் சேலையின் கரை ஒரே நேராக வந்து நின்றது. நான் எழுந்து தள்ளி நின்று பார்த்தேன். எங்களுக்குக் கல்யாணமான அன்றைக்கு இவளை இப்படிக் கண் எடுக்காமல் பார்த்தேன், அதற்குப் பிறகு அன்றைக்குத்தான். அவள் வெளியே வந்து, வலது கை உதவியில்லாமல், இடது கையால் கொசுவத்தை ஒரு பிடி பிடித்துத் தூக்கிக்கொண்டு, மழைச் சேற்றில் அத்தனை படியையும் இறங்கினாள். பின்னால் குடை பிடித்துக்கொண்டு இறங்கிய நான்தான் இரண்டு தடவை வழுக்கினேன்.

மணவறையில் ஐயர் தாரைக்குக் கூப்பிட்டார். நான் உன் கையை வாங்கி என் கையில் வைத்துக்கொண்டேன். அம்மா செம்போடு மேலே ஏற வேண்டும். ஏறும்போது காலில் கொசுவம் மிதிபட்டால் முடிந்தது கதை. ஏறினாள். செம்பை இடது கையால் தாங்கி, வலது கையை அதன் கழுத்தில் வைத்து, எழும்புகிற அளவுக்கு எழுப்பினாள். கை அதற்கு மேல் வராது என்பதால் உடம்பை முன்னால் சாய்த்தாள். சாயும்போது கொசுவம் முழுவதும் விரிந்துகொண்டு போனதைப் பார்த்தேன். ஊக்கு ஒன்று இழுபடுவதும் தெரிந்தது. ராணி வீட்டுப் பந்தியில் நான் பார்த்துக்கொண்டு நின்றேனே, அது ஞாபகம் வந்தது. இப்போது அவிழ்ந்தால் அவள் இனி ஒருநாளும் வாசல் தாண்டமாட்டாள், அதுவும் என் கை கட்டிய சேலை. மந்திரம் காதில் ஏறவில்லை. மாப்பிள்ளை தெரியவில்லை. தண்ணீர் என் விரல் வழியாக உன் கையில் இறங்கியது. அவள் நிமிர்ந்தாள். விரிந்த மடிப்பெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகத் திரும்பி வந்து, இருந்த இடத்தில் நின்றுகொண்டன.

வீடியோவில் நீ பார்த்தது அதைத்தான். நான் உன்னைப் பார்க்கவில்லை என்பது உண்மை. உன் கை என் கையில் பத்திரமாக இருந்தது, பாப்பா, அது எனக்குத் தெரிந்துகொண்டேயிருந்தது. என் கையை விட்டுப் போயிருந்தது அந்தக் கொசுவம் ஒன்றுதான். அம்மா நிமிர்ந்த பிறகு நான் உன் பக்கம் திரும்பினேன், ஆனால் அதற்குள் வீடியோக்காரர் மாப்பிள்ளை பக்கம் போய்விட்டார். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாய். நெற்றிச்சுட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதை நேராக்கிவிட வேண்டும் என்று நினைத்தேன், இரண்டு கையும் ஈரமாக இருந்தது. இந்த அடையாளம் போதுமா, நான் பார்த்தேன் என்பதற்கு?

இப்போது அம்மா நைட்டியை வீட்டோடு வைத்துக்கொண்டாள். கோயிலுக்குப் போகிறாள், விசேஷத்துக்குப் போகிறாள், ராணி அக்கா வீட்டுப் பந்தியிலேயே போய் உட்கார்ந்து எழுந்து வந்தாள். அடுத்த மாதம் உன்னைப் பார்க்க இருவரும் மன்னாருக்கு வருகிறோம். நூல் சேலைகளை நாமே சேர்ந்து போய் எடுக்கலாம், அதுவரை பொறுத்துக்கொள். ஒரே ஒரு விஷயம். காலையில் நாங்கள் இரண்டு பேரும் அறைக்குள் போய்க் கதவைத் தாழ்போட்டுக்கொண்டால், வெளியே வரக் கொஞ்சம் நேரமாகும். உள்ளேயிருந்து "இழுங்க, விடுங்க" என்று சத்தம் கேட்கும். மாப்பிள்ளை பயந்துவிடப் போகிறார், அவருக்கு முன்கூட்டியே சொல்லி வை.

சேலை கட்டத் தெரிந்த,
உன் அப்பா